மேல்வீட்டுக்குப் போன அறைகள்

1991ஆம் ஆண்டு பங்குனியில், ரொறன்ரோவின் மல்வேர்னிலுள்ள ஒரு வாடகை மாடிக்கட்டடத்தின் ஒன்பதாம் மாடியில், அருள்நாயகத்தின் வீட்டுக்கு மூன்றாவது படுக்கையறை வந்தது. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், தேநீர் குடித்துக்கொண்டிருந்த வேளையில் வந்தது. மேற்குப் பார்த்த யன்னல், சுவரோடு சேர்ந்த அலுமாரி, மூலையில் ஒரு சின்னக் கழிவறை எல்லாம் இருந்தன. கட்டடத்தைப் பராமரிக்கும் போலந்துக்காரர் அளவுநாடாவோடு வந்து வீட்டை உள்ளே ஒருதடவை அளந்தார், கீழே போய்க் கட்டடத்தை வெளியே ஒருதடவை அளந்தார். வெளியே ஒன்றும் கூடவில்லை. திரும்பி வந்து புது அறையின் வெப்பக் குழாயைத் தொட்டுப் பார்த்தார். சூடாக இருந்தது. சூடாக இருந்தால் தனக்கு அங்கே வேலையில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

அறை எப்படி வந்ததென்று விளங்க வேண்டுமானால் பாரிசில் அச்சான ஒரு சஞ்சிகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதன் பெயர் ‘லா போர்த்’. கதவு என்று பொருள். எண்பதுகளின் தொடக்கத்தில் பாரிசின் புறநகர் ஒன்றில் நான்கு மாணவர்கள் சேர்ந்து அதைத் தொடங்கினார்கள். அப்போது அமெரிக்காவிலிருந்து ஒரு புதுவகை விளையாட்டு வந்திருந்தது. மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுவது. அதற்குப் பலகை இல்லை, காயும் இல்லை. ஒருவர் நடத்துநர், கதை நடக்கும் இடம் அவருக்கு மட்டும் தெரியும். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகிக்கொள்வார்கள். ஒருவர் போர்வீரன், ஒருவர் திருடன், ஒருவர் மருத்துவச்சி. ‘நான் கதவைத் திறக்கிறேன்’ என்று திருடன் சொன்னால், கதவு பூட்டியிருக்கிறதா, பின்னால் யார் நிற்கிறார்கள் என்று நடத்துநர் சொல்வார். முடியுமா முடியாதா என்ற சந்தேகம் வரும் இடத்தில் தாயக்கட்டை உருட்டுவார்கள். நான்கு முகம் உள்ள கட்டையும் உண்டு, இருபது முகம் உள்ளதும் உண்டு. விதிகளெல்லாம் ஆங்கிலத்தில் இருந்தன. பிரெஞ்சுப் பொடியன்களுக்கு அது வாயில் நுழையவில்லை. ஆகவே நான்கு மாணவர்களும் தங்கள் மொழியில் விதிகளை விளக்கி, புதுக் கதைகளும் எழுதி, ரோனியோ நகலியந்திரத்தில் உருட்டி, கையால் பின் அடித்து விற்றார்கள். சில வருடங்களில் அது வர்ண அட்டையோடு பிரான்சின் எல்லாப் பத்திரிகைக் கடைகளிலும் தொங்கியது.

ஒவ்வோர் இதழின் நடுவிலும் ஒரு கதை இருக்கும். பின்னைக் கழற்றினால் அந்தத் தாள்கள் தனியாக வரும். அவற்றில் கதை நடக்கும் கோட்டையின், மடத்தின், சத்திரத்தின் வரைபடம் இருக்கும். வரைபடங்களைக் கீறியவர் எத்தியென் என்பவர். கட்டடக்கலை படிக்கப் போய்ப் பாதியில் விட்டவர். அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. எந்தக் கட்டடத்தைக் கீறினாலும் சுவரின் தடிப்பு, புகைபோக்கி, மழைநீர் போகும் வழி, கழிவுக் குழாய் அத்தனையையும் சரியான அளவில் கீறுவார். பூதம் குடியிருக்கும் கோபுரமானாலும் கழிவறை இல்லாமல் விடமாட்டார். வாசகர்கள் இதைக் கிண்டல் செய்து எழுதினார்கள். அவர் திருந்தவில்லை. அறை வருவதற்கு இதுதான் காரணமென்று பிற்பாடு பலரும் கருதினார்கள். குழாய்கூடக் கீறப்பட்டிருந்தால் அறைக்கு வருவதற்கு வேறென்ன வேண்டும்?

அருள்நாயகம் யாழ்ப்பாணத்துப் பாசையூர்க்காரர். 1984இல் பாரிசுக்குப் போய், அந்தச் சஞ்சிகை அச்சான இடத்தில் தாள் மடித்துப் பின் அடிக்கும் இயந்திரத்தில் வேலை செய்தார். மடிக்கும்போது வாசித்துப் பிரெஞ்சு பழகினார். பிரெஞ்சோடு விளையாட்டும் பிடிபட்டது. 1989இல் மனைவி நிரூபாவோடு ரொறன்ரோவுக்கு வந்த பிறகும், அச்சகத்தில் இருந்த கூட்டாளி யோசப் மாதம் தவறினாலும் இதழ் தவறாமல் அனுப்பினார். அருள்நாயகம் ஞாயிறு பூசை முடிந்து வந்து, நண்பர்களைச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி இருத்தி, பிரெஞ்சை வாசிக்க வாசிக்கத் தமிழில் நடத்தினார். சீட்டில் முந்நூற்றுநாலு ஆடிப் பழகிய ஆட்கள் முதல் நாள் கேட்ட கேள்வி, “இதிலை ஆர் வெல்லுறது?” என்பதுதான்.

“ஒருத்தரும் வெல்லுறேல்லை” என்றார் அருள்நாயகம்.

“அப்ப தோத்ததுக்கு ஆரைப் பேசுறது?”

ஆனாலும் ஆடினார்கள். ஒரு கதை முடியப் பல ஞாயிறுகள் பிடிக்கும். கதை எந்த அறையில் முடிகிறதோ அந்த அறை வீட்டுக்கு வந்துவிடும் என்பது பங்குனி மாதத்தில் தெரிந்தது. அடுத்த வருடம் ஒரு மடத்தின் களஞ்சியம் வந்தது. அதற்கடுத்த வருடம் சத்திரத்து முன்னறை, கணப்பு அடுப்போடு. அருள்நாயகம் சஞ்சிகைக்கு நன்றிக் கடிதம் எழுதினார். வாசகர் பகுதியில் அது வெளிவந்தபோது லியோனிலும் மார்செயிலும் இருந்தவர்கள் பொறாமையில் எழுதித் தள்ளினார்கள்: ஆரம்பத்திலிருந்து சந்தா கட்டியும் தங்களுக்கு ஓர் அலுமாரிகூட வரவில்லை. சஞ்சிகைக்காரர்களாலும் காரணம் சொல்ல முடியவில்லை. அவர்களுக்கும் வரவில்லை. அந்தக் கடிதத்தை மிக நெடுநேரம் வாசித்தவர் எத்தியென் என்று யோசப் தொலைபேசியில் சொன்னார். எத்தியென் ரயில் நிலையமொன்றின் பின்னால், கூரைக்குக் கீழே ஓர் ஒற்றையறையில் குடியிருந்தார்.

ஆனால் பொறாமையில் எல்லாரையும் மிஞ்சியவர் எட்டாம் மாடியில் இருந்தார். நேரே கீழ்வீடு. பெயர் பத்மநாதன். யாழ்ப்பாணத்தில் கட்டட வேலைகளை மேற்பார்க்கும் ஓவசியராக இருந்தவர். ஒரு வரைபடத்தைப் பார்த்தால் கட்டிமுடித்த வீட்டைக் காண்பார். இங்கே பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் இரவு வேலை. இரண்டு படுக்கையறை வீட்டில் அவரும் மனைவி பேபியும் இரண்டு பெண்பிள்ளைகளும் பேபியின் தம்பிமார் இருவரும் இருந்தார்கள். தம்பிமார் இருந்தது ஹோலில். காலையில் வேலையால் வந்து படுத்தால் மேலே தளபாடம் இழுக்கும் சத்தம் கேட்கும். தன் வீட்டுக்கு மேலே எந்த அறையும் இருக்க முடியாத இடத்திலிருந்து கேட்கும். அந்தச் சத்தத்தை வைத்து, அறையின் நீள அகலத்தைப் படுத்துக்கொண்டே கணக்கிடுவார்.

“உவன் உந்த அறையளை வைச்சு என்ன செய்யிறான்?” என்று பேபியிடம் கேட்பார்.

“ஒண்டிலை மா இடிச்சு வைச்சிருக்கினம். மற்றதிலை நிரூபா தையல் மிசின் போட்டிருக்கிறா.”

“தையல் மிசினுக்கு ஒரு அறை.” அதற்குமேல் நித்திரை வராது.

அருள்நாயகம் பின் அடித்தவர், பத்மநாதன் படம் கீறியவர். அறை யாருக்கு வந்திருக்க வேண்டுமென்பதில் பத்மநாதனுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. 1995இல் அவருடைய தம்பி ராகுலன் கொழும்பில் லொட்ஜ் ஒன்றில் தங்கி வெளிநாட்டுக்கு ஆளனுப்பும் ஏஜென்சிக்காரனைப் பார்த்துக்கொண்டிருந்தான். கலியாணமும் பேச்சாகியிருந்தது. “அண்ணை, வந்தால் எங்கை இருக்கிறது?” என்று கேட்டான். “என்னோடைதான். நீ வரேக்கை அறை இருக்கும்” என்றார் பத்மநாதன். சொன்ன வாரமே ‘லா போர்த்’துக்குச் சந்தா அனுப்பினார்.

பிரெஞ்சுக்கு மேல்வீட்டைக் கேட்க அவருக்கு மனமில்லை. றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலில் அறிமுகமான சிவராமன் என்ற பாண்டிச்சேரிக்காரரைப் பிடித்தார். கம்ப்யூட்டர் வேலை, பள்ளிக்கூடத்தில் முறையாகப் படித்த பிரெஞ்சு. அது மிசினடியில் பொறுக்கிய பிரெஞ்சு இல்லை என்பதில் பத்மநாதனுக்குத் திருப்தி. முதல் இதழ் வந்தது. நடுத்தாளைக் கழற்றி விரித்ததுமே அவர் முகம் சுருங்கியது. எத்தியென் கழிவறையை ஈசான மூலையில் வைத்திருந்தார்.

மனையடி தெரிந்த எவரும் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. வடகிழக்கு சுவாமிக்குரிய மூலை. அங்கே கழிவறை வைத்த வீட்டில் குடும்பம் தழைக்காது என்பது பத்மநாதன் படித்த படிப்பு. பாரிஸ்காரனுக்கு அது தெரியாததில் குற்றமில்லை, தெரிந்தவன் திருத்தாமல் விடுவதுதான் குற்றம். அவர் அளவுகோலும் பென்சிலும் எடுத்தார். கழிவறையை மேற்குக்குத் தள்ளினார். தெற்கு வாசலைக் கிழக்குக்கு மாற்றினார். காற்றோட்டத்துக்கு எதிரெதிராக இரண்டு யன்னல் வைத்தார். கிழக்குச் சுவரில் விளக்கு வைக்க ஒரு சுவாமி மாடமும் கீறி, முழுவதையும் புதுத்தாளில் மையால் போட்டார்.

சிவராமன் பார்த்துவிட்டு, “சார், அச்சுல இருக்கறத அப்படியே விட்டுடலாமே” என்றார்.

“தம்பி, நீர் வாசியும். கட்டிடம் என்ரை வேலை.”

பேபியும் தம்பிமாரும் ஆடினார்கள். பேபி போர்வீரச்சியாகி, எதிரில் வந்ததையெல்லாம் வெட்டினாள். கதைக்க வந்த துறவியையும் வெட்டினாள். பத்மநாதன் கதையை இழுத்து இழுத்து, தான் திருத்திய அறையிலேயே கொண்டுவந்து முடித்தார். எல்லாரும் எழுந்து சுவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒன்றும் வரவில்லை. மேலே ‘தொம்’ என்று ஒரு சத்தம் கேட்டது. சற்றுப் பொறுத்து, கழிவறையில் தண்ணீர் இழுபடும் சத்தம் கேட்டது.

மூன்று கதைகளை இப்படி ஆடி முடித்தார்கள். மூன்று முறையும் மேல்வீட்டில்தான் சத்தம். மேல்வீட்டார் தங்கள் கதையையும் ஆடிக்கொண்டிருந்ததால் ஒன்றுக்கு இரண்டு அறை வருவதை அருள்நாயகம் பெரிதாக எடுக்கவில்லை. ஒன்று வாங்கினால் ஒன்று இலவசமாகத் தரும் நாட்டில் அதுவும் ஒரு வழக்கமென்று இருந்துவிட்டார். ஒருநாள் லிப்டில் சந்தித்தபோது பத்மநாதனிடம் வாய்விட்டுப் புகழ்ந்தார். “பத்மநாதன், கடைசியா வந்த அறையளை நீர் பாக்க வேணும். என்ன காத்தோட்டம். உவன் எத்தியென் இப்பதான் படம் கீறப் பழகியிருக்கிறான்.” எட்டாம் மாடி வந்தும் பத்மநாதன் இறங்கவில்லை. லிப்ட் அவரை மேலே கொண்டுபோய், திரும்பக் கீழே கொண்டுவந்தது.

1998 வைகாசியில் அருள்நாயகத்தின் மகள் தேவாலயத்தில் முதல் நன்மை வாங்கிய விழா. கட்டடத்திலிருந்த தமிழர் எல்லாருக்கும் அழைப்பு. பத்மநாதன் போகமாட்டேன் என்று நின்று, பேபி ஏற்கனவே சேலை உடுத்துக்கொண்டு வாசலில் நின்றதால் போனார். ரோல்ஸ் சாப்பிட்ட கையைக் கழுவப் போன பேபி, கழுவாத கையோடு திரும்பி வந்தாள்.

“இஞ்சருங்கோ, அந்தப் பின்னறைப் பாத்றூமுக்கு ஒருக்காப் போட்டு வாங்கோ.”

“எனக்கு இப்ப வரேல்லை.”

“வராட்டியும் போங்கோ.”

போனார். கழிவறை மேற்கில் இருந்தது. வாசல் கிழக்கில் இருந்தது. எதிரெதிராக இரண்டு யன்னல். அறையின் கிழக்குச் சுவரில் அவர் மையால் கீறிய மாடம், அவர் வைத்த வளைவோடு, அவர் போட்ட அளவில் இருந்தது. அதற்குள் நிரூபா புனித அந்தோனியாரை வைத்து, பக்கத்தில் பிளாஸ்ரிக் பூவும் வைத்திருந்தாள். பத்மநாதன் வெகுநேரம் வெளியே வரவில்லை. அவசரக்காரர்கள் கதவைத் தட்டினார்கள். வந்ததும் நேரே அருள்நாயகத்திடம் போனார்.

“அண்ணை, உந்த மாடம் நான் கீறினது.”

“எந்த மாடம்?”

“அந்தோனியார் நிக்கிற மாடம். அந்த அறையும் என்ரை. அதுக்கு அங்காலை இருக்கிற இரண்டும் என்ரை.”

அருள்நாயகம் யோசித்தார். “அப்ப ஏன் நீர் எனக்குக் கீறினனீர்?”

“உங்களுக்கு நான் கீறேல்லை.”

நடந்தது இதுதான். அச்சில் இருக்கும் அறைக்குத் தன் வழி தெரியும். யார் மேசையில் ஆடப்படுகிறதோ அங்கே வரும். கையால் மாற்றிய அறை, இலக்கம் பிழைத்த கடிதத்தைப் போன்றது. கதை முடிந்துவிட்டதால் எங்காவது வந்தாக வேண்டும், எங்கே என்று தெரியாது. மாடிக்கட்டடத்தில் இலக்கம் பிழைத்த கடிதம் என்ன ஆகும்? வழமையாக நிறையக் கடிதம் வரும் வீட்டுப் பெட்டியில் போடுவார்கள். சிவராமன் இதை அன்றைக்கே தாளும் பேனாவும் வைத்து விளக்கினார். “நான் முதல் நாளே சொன்னேன் சார்” என்று ஒருதடவைக்கு மேல் சொல்லவில்லை.

அருள்நாயகம் நியாயமான மனிதர். அறைகளைக் கழற்றிக் கொடுக்க வழியிருந்தால் கொடுத்திருப்பார். வழியில்லாததால் தன்னால் முடிந்ததைச் சொன்னார்: “ராகுலன் வந்தால் இஞ்சை விடும். உம்மடை அறைதானே, உம்மடை தம்பி இருக்கட்டும்.” கூடியிருந்தவர்கள் அதை நல்ல யோசனை என்றார்கள். பத்மநாதனுக்கு மட்டும் காது சிவந்தது. பதினைந்து வருடமாகக் காசனுப்பி வளர்த்த தம்பி, தான் கீறிய அறையில், இன்னொருவர் வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டு, இன்னொருவரை அண்ணை என்று கூப்பிடுவான். அந்தச் சத்தம் தன் தலைக்கு மேலே கேட்கும். “என்ரை தம்பி என்ரை வீட்டிலைதான் இருப்பான்” என்று சொல்லிவிட்டு, கேக் வெட்டுமுன் இறங்கிப் போனார். அதற்குப் பிறகு வந்த வரைபடங்களைத் திருத்தவும் பயம், திருத்தாமல் ஆடவும் மனமில்லை; ஆடாமலே விட்டார்.

அடுத்த மாசியில் ராகுலன் மனைவி நிலக்சியோடு மொன்றியலில் இறங்கினான். ஒரு கூட்டாளி வீட்டில் ஹோலில் தங்கியிருந்தார்கள். “அண்ணை, அறை இருக்கோ? இல்லாட்டி மேல்வீட்டு அண்ணை ஆவணிக்கு வரச் சொல்லுறார். போன் எடுத்துச் சொன்னவர், நல்ல மனுசன்” என்றான். பத்மநாதன் ஆவணிக்கு அறை இருக்கும் என்றார்.

அதற்குள் சஞ்சிகை மெலிந்துகொண்டிருந்தது. தொண்ணூறுகளின் நடுவில் படம் போட்ட சீட்டுகளைச் சேர்த்து ஆடும் விளையாட்டு வந்து, பொடியன்களின் கைக்காசு அந்தப் பக்கம் போயிற்று. பிறகு கம்ப்யூட்டர் விளையாட்டுகள். நான்கு மாணவர்களும் நரைத்து, சஞ்சிகையை ஒரு பெரிய நிறுவனத்துக்கு விற்றார்கள். அது பக்கங்களைக் குறைத்தது. அந்த வருடத்து அறைகளில் அலுமாரி இருக்கவில்லை. பளபளப்புத் தாளுக்கு மாறியது. சுவர்களில் நிறப்பூச்சு ஒட்டவில்லை. வரைபடத்தின் முதுகில் விளம்பரம் போட்டார்கள். மேல்வீட்டின் கடைசி அறையில், வெயில் படும் நேரம் ஒரு சோடாப் போத்தலின் நிழல் கூரையில் தெரிந்தது. 1999 சித்திரையில் கடைசி இதழ் வரப்போவதாக யோசப் அறிவித்தார். இதோடு சரி, இனி இல்லை.

கடைசி வரைபடத்துக்கு எத்தியென் கோட்டை எதுவும் கீறவில்லை. பதினெட்டு வருடம் பிறருக்கு அறை கீறியும் தனக்கொன்று வராத மனிதர், தான் குடியிருந்த ஒற்றையறையையே அளந்து கீறினார். சரிந்த கூரை. குனிந்து நுழையும் வாசல், அதுவும் தெற்கில், யமனுடைய திசையில். கழிவறை ஈசான மூலையில். மாற்றுவதற்கு இவ்வளவு உள்ள வரைபடத்தைப் பத்மநாதன் வாழ்நாளில் கண்டதில்லை. பார்த்துக்கொண்டிருந்தபோதே கை பென்சிலைத் தேடியது. பேபி பென்சில்களையும் அளவுகோலையும் திரட்டிப் பிள்ளைகளின் புத்தகப்பையில் போட்டு மூடினாள்.

“இதிலை கை வைச்சால் அதுவும் மேலைதான் போகும்” என்றாள். “கக்கூசு எங்கை இருந்தாலென்ன? உங்கடை தம்பி எங்கை இருக்கிறான் எண்டதைப் பாருங்கோ.”

கதையும் புதுமாதிரியாக இருந்தது. பூதம் இல்லை, புதையல் இல்லை. ஒருவர் வெள்ளிக்கிழமைக்குள் தன் அறையைக் காலி செய்ய வேண்டும். வழிப்போக்கர்கள் அவருக்குச் சாமான் இறக்க உதவ வேண்டும். அவ்வளவுதான். பேபிக்கு வெட்ட ஆளில்லை. ஒரு பெரிய கண்ணாடியை உடையாமல் ஆறு மாடிப் படிகளில் இறக்கினாள். வளைவு வரும் இடமெல்லாம் கட்டை உருட்டினாள். கண்ணாடி கீழே வந்து சேர்ந்த ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் மேலே வெறும் அறைக்குத் திரும்பி, யன்னலைச் சாத்தி, கதையை முடித்தார்கள். மேலே ஒரு சத்தமும் கேட்கவில்லை. குசினிக்குப் பக்கத்தில், கூட்டும் தும்புத்தடி வைக்கும் இடத்தில், ஒரு கதவு இருந்தது.

பத்மநாதன் குனிந்து உள்ளே போனார். சின்ன அறைதான். ஈசான மூலையைப் பார்க்காமல் நேரே யன்னலுக்குப் போனார். மல்வேர்னின் எந்த யன்னலிலும் பஸ் திருப்பமும் கார் நிறுத்துமிடமும்தான் தெரியும். இதில் துத்தநாகத் தகடு வேய்ந்த கூரைகளும் ஒரு குறுகிய முற்றமும் தெரிந்தன. எதிர் யன்னலில் ஒரு பெண் மேசைவிரிப்பை உதறினாள். எங்கோ ரயில் அறிவித்தல் கேட்டது. சிவராமன் காதுகொடுத்து, பாரிசிலிருந்து லீல் நகருக்குப் போகும் ரயில் என்றார். இந்தமுறை எத்தியென் யன்னலுக்கு வெளியே தெரிந்ததையும் சேர்த்துத்தான் கீறியிருந்தார். பாரிசிலும் அந்த அறை அதன் இடத்திலேயே இருந்ததாக யோசப் சொன்னார். ஆயிரக்கணக்கில் அச்சாகும் ஒன்று இரண்டு இடத்தில் இருப்பதில் புதுமையில்லை.

ஆவணியில் ராகுலனும் நிலக்சியும் வந்து அந்த அறையில் குடியேறினார்கள். ராகுலனுக்கு இரவு வேலை கிடைத்தது. யன்னல் பாரிஸ் நேரத்தில் ஓடியது, ஆறு மணி முன்னால். மார்கழியில் காலை பதினொரு மணிக்கே இருட்டிவிடும். பகல் முழுவதும் திரை போடாமல் நித்திரை கொண்டான். “அண்ணை, இரவு வேலைக்காரருக்கெண்டே கட்டின அறை” என்றான்.

அருள்நாயகம் முதல்முறை பார்க்க வந்தது மரியாதைக்கு. யன்னலடிக்குப் போனவர் அங்கேயே நின்றுவிட்டார். அந்தத் தெருவின் மூன்றாம் மூலையில்தான் அவர் நான்கு வருடம் பாண் வாங்கினார். கலியாணமாகாத நாட்களில் யோசப்போடு சுற்றியது அந்தப் பக்கம்தான். அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்ததும் ஏதாவதொரு சாட்டில் கீழே வந்தார். ஒருநாள் உளி கேட்டார், ஒருநாள் கொத்தமல்லி கேட்டார். மேலே பத்து அறை; பத்து யன்னலிலும் கார் நிறுத்துமிடம்.

“தம்பி நித்திரை, அண்ணை” என்பார் பத்மநாதன் வாசலை மறித்து நின்றபடி. “பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு வாங்கோவன்.” ஆறு மணிக்கு அங்கே நடுச்சாமம், யன்னலில் ஒன்றும் தெரியாது. அருள்நாயகம் ஆறு மணிக்கும் வந்தார். இருட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஹோலிலிருந்து அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டு பத்மநாதன் தேநீர் குடித்தார். எட்டு வருடத்தில் அவ்வளவு ருசியான தேநீர் குடித்ததில்லை.

வருடக் கடைசியில் அருள்நாயகம் கேட்டேவிட்டார். அந்த ஓர் அறைக்குப் பதிலாக, மேல்வீட்டில் விரும்பிய இரண்டு அறை. இடம் மாற்றுவது எப்படியென்று யோசிக்கலாம், முதலில் மனம் ஒத்துப்போகட்டும்.

பத்மநாதன் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். “உங்களுக்குச் சரிவராது அண்ணை” என்றார். “ஈசான மூலையிலை கக்கூசு. குடும்பத்துக்குக் கூடாது.”

“நான் அந்தோனியாரைக் கும்பிடுற வேதக்காரன், எனக்கென்ன ஈசான மூலை?”

“தெரிஞ்சுகொண்டு நான் எப்பிடிக் குடுக்கிறது, அண்ணை?”

அருள்நாயகம் லிப்டுக்குப் போனார். அறைக்குள் நிலக்சி யன்னலைத் திறந்து கையை நீட்டிப் பார்த்தாள். அங்கே தூறத் தொடங்கியிருந்தது. யன்னலுக்கு வெளியே கொடியில் காயப்போட்டிருந்த ராகுலனின் வேலைச் சட்டைகளை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்தாள்.